தொண்ணூறு சதவீதம் முடிந்த மனிதர்

பிஸ்கட் ஆலையில் அவருடைய இயற்பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் இருக்கும் காவலாளிகூட நெற்றியைச் சுருக்குவார். "தொண்ணூறு எங்கே?" என்று கேட்டால் போதும். "இப்பத்தான் ஏணியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனாரு" என்று கை நீட்டிவிடுவார்.

மெஷின் பராமரிப்புப் பிரிவுக்கு அவர்தான் ஃபோர்மேன். எந்த வேலையைக் கொடுத்தாலும், எந்த நேரத்தில் போய் "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டாலும், அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு சார்." வேலை தொடங்கிய அன்றும் தொண்ணூறு, தவணை முடிந்து தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் தொண்ணூறு. "ஸ்பேனரைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே அண்ணன் எண்பதைத் தாண்டிடுவாரு" என்பது எலக்ட்ரீஷியனின் கேலி.

அவர் பொய்யர் அல்ல. அனுபவசாலி. இளம் வயதில் அட்டைப்பெட்டி மடிக்க வந்தவர், பழுதான மெஷின்களுக்குப் பக்கத்தில் போய் நின்று நின்றே மெக்கானிக் ஆனார். முதன்முதலில் தனியாக ஒரு மாவுக் கலவை மெஷினைக் கழற்றி மாட்டக் கொடுத்தபோது, "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்றார் அன்றைய அதிகாரி. "பாதி சார்" என்று உள்ளதைச் சொன்னார். அன்றோடு நிம்மதி போயிற்று. ஏன் பாதி என்று கேட்க ஒருவர், மீதிப் பாதி எப்போது என்று கேட்க ஒருவர், இதையெல்லாம் அவரிடம் கேட்டாகிவிட்டதா என்று கேட்க இன்னொருவர் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். பதில் சொல்லியே பொழுது போனது. மெஷின் பாதியிலேயே கிடந்தது.

அடுத்த வேலையில் உஷாராகி, "முழுசா முடிஞ்சிடுச்சு சார்" என்றார். முதலாளியே பார்க்க வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்காமல் பொத்தானை அழுத்தினார். மாவு மெஷினுக்குள் சுற்றவேண்டியது. அது முதலாளியின் சட்டைக்கு வந்தது.

அந்த இரண்டு அனுபவத்துக்கும் நடுவில் தம் நிம்மதிக்கு ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். "பாதின்னா கூட்டம் போடுறாங்க. முழுசுன்னா வந்து பாக்குறாங்க. தொண்ணூறுன்னா முதுகில தட்டிட்டுப் போயிடறாங்க" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வார். சொல்லிச் சொல்லி அது ஆலை முழுக்கப் பரவியது. ஸ்டோர் கீப்பர் தொண்ணூறு என்றார். எலக்ட்ரீஷியன் தொண்ணூறு என்றார். கொத்தனார் அஸ்திவாரத்துக்குள் நின்றுகொண்டே தொண்ணூறு என்றார்.

வீட்டிலும் அதே கணக்கு. அவர் கையால் கட்டிய குளியலறையில் ஓடு பதித்தாயிற்று, குழாய் வைத்தாயிற்று, கதவும் மாட்டியாயிற்று. தாழ்ப்பாள் மட்டும் இல்லை. ஆகவே உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை பாடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பாட்டு நின்றால் கதவு திறக்கப்படும் அபாயம் உண்டு. மனைவி ஒரே பாட்டின் ஒரே வரியை வருஷக்கணக்கில் பாடினாள். பாடத் தெரியாத மச்சான் ஒருமுறை வந்து தங்கியபோது வேறு வழியில்லாமல் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னார். தப்பும் தவறுமாகச் சொன்னதை வெளியில் நின்று மகள் திருத்தினாள்.

அந்த மகள்தான் அவருடைய வாழ்க்கையில் உண்மையிலேயே முழுசாக முடிந்த ஒரு காரியம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நிறுவனங்களில் ஒரு திட்டத்தை எப்படித் தொடங்குவது, யார் எதைச் செய்வது, எதை எதற்குமுன் செய்வது, எப்படி முடிப்பது என்பதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். "வேலையைச் செய்யறதுக்குப் படிப்பு சரி. வேலையைச் செய்யச் சொல்றதுக்குமா படிப்பு?" என்று அம்மா கேட்டபோது, "அதுக்குத்தாம்மா ரொம்ப நாள் படிக்கணும்" என்றாள் மகள்.

அலைந்து திரிந்து கடைசியில் அவளுக்கு வேலை கிடைத்தது அதே பிஸ்கட் ஆலையின் திட்டப் பிரிவில்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கொடுத்த நாற்காலியில் முன்பு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். புகைபோக்கி மாற்றும் வேலையைக் கவனித்தவன் அவன். எல்லாரும் சொன்ன தொண்ணூறுகளை நம்பி மேலே தொண்ணூறு என்றே சொல்லிவந்தான். திறப்பு நாளன்று புகை போகவேண்டிய வழியில் போகாமல் மேலாளர் அறைக்குள் வந்தது. சொன்னவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். பையன் மட்டும் வீட்டுக்குப் போனான். மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அன்று தொண்ணூறு தோளிலிருந்த ஏணியை இறக்க மறந்து நின்றார்.

ஆனாலும் நடைபாதையில் எதிர்ப்பட்டபோது விறைப்பாக நின்றார்.

"குட் மார்னிங் மேடம்."

"அப்பா, ப்ளீஸ்!"

"வீட்லதான் அப்பா. இங்க நான் ஃபோர்மேன்."

"அப்ப வீட்டுக்கு வந்தா, 'மேடம், சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பீங்களா?"

"சாப்பாட்டு டப்பாவ வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்க மேடம்" என்று பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அவளுக்குக் கொடுத்த முதல் திட்டம், பேக்கிங் பிரிவைப் பழைய ஹாலிலிருந்து புது ஷெட்டுக்கு மாற்றுவது. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் பிஸ்கட் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் திறப்பு விழாவுக்கு நேரில் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேலாளருக்கு ஆசை வந்துவிட்டது. முதலில் ஷெட் வாசலில் ஓர் அலங்கார வளைவு கேட்டார். பிறகு சுவரில் ஆளுயர பிஸ்கட் ஓவியம். பிறகு செயற்கை நீரூற்று. "தண்ணி மேல எழும்பி, பிஸ்கட் மாதிரி வட்டமா விழணும்" என்று கையாலேயே விழுந்து காட்டினார். ஆட்களில் பாதிப்பேர் நீரூற்றுக்குப் போனார்கள். ஷெட்டுக்கு அவர் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "பழைய ஹால்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். எள்ளளவும் மாறக்கூடாது."

புதன்கிழமைக் கூட்டத்தில் மகள் எழுந்து நின்றாள். குரல் லேசாக நடுங்கியது.

"எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு கேக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். முடிஞ்சதுன்னா என்ன?"

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "முடிஞ்சதுன்னா முடிஞ்சது மேடம். ஒயர் இழுத்தா முடிஞ்சது."

"கரண்ட்?"

"அது தனி வேலை."

ஸ்டோர் கீப்பர், "ஆர்டர் போட்டா என் வேலை முடிஞ்சது" என்றார்.

"பொருள் வந்து சேர வேண்டாமா சார்?"

"வந்தா நல்லதுதான்."

பேக்கிங் பிரிவின் மேற்பார்வை பார்க்கும் அம்மாளை எல்லாரும் பேக்கிங் அக்கா என்பார்கள். அவர் கையை உயர்த்தி, "எனக்கு டப்பா வெளிய வரணும். அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க பாடு" என்றார்.

மகள் தன் அப்பா பக்கம் திரும்பினாள். "ஃபோர்மேன் சார்?"

"மெஷின் நின்னா முடிஞ்சது மேடம். எல்லா மெஷினும் இடத்துல நிக்குது. தொண்ணூறு சதவீதம்."

மேலாளர் மேசையைத் தட்டினார். "அவ்வளவுதாம்மா. எல்லாரும் தொண்ணூறு. படிச்சதையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டாதே. நீரூற்று எந்த அளவுல இருக்கு?"

நீரூற்றும் தொண்ணூறு.

அன்று மாலை வீட்டில் குளியலறையிலிருந்து மகளின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. "என்னடி, பாடு!" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

"அப்பா, இந்த பாத்ரூம் எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்கு?"

"தொண்ணூறு."

"எப்பலேர்ந்து?"

"நீ ஸ்கூல் போன நாள்லேர்ந்து" என்றாள் அம்மா, கேட்காமலேயே.

"மீதிப் பத்துல என்ன இருக்கு?"

"ஒரு தாழ்ப்பாள்தாம்மா. சின்னச் சாமான். ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்."

"அந்தச் சின்னச் சாமான் இல்லாமத்தானேப்பா இத்தனை வருஷமா நாம மூணு பேரும் பாடிட்டிருக்கோம்?" அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு குறைந்தது. "நான் என்ன படிச்சேன், எதுக்குப் படிச்சேன்னே சில சமயம் தெரியலப்பா. அங்க நின்னு கேள்வி கேக்கும்போது எனக்கே வேடிக்கையா இருக்கு. ஆனா நீங்க சொல்றதத்தான் நாளைக்கு மேல எழுதி அனுப்பணும். வேற எனக்கு என்ன தெரியும்?"

அன்றிரவு அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த நாற்காலியும் வீட்டுக்குப் போன பையனும் மாறி மாறிக் கண்ணில் நின்றார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஷெட் காலியாக இருந்தபோது, தனியாக உள்ளே போனார். மெஷின்கள் எல்லாம் வரிசையாக, பளபளவென்று, தரையோடு போல்ட் போட்டு நின்றன. குறை ஒன்றும் தெரியவில்லை. "டப்பா வெளிய வரணும்" என்று பேக்கிங் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. டப்பா வரவேண்டுமென்றால் பிஸ்கட் வரவேண்டும். பிஸ்கட் எங்கிருந்து வரும்? அடுப்புப் பக்கத்துச் சுவரிலிருந்து. அந்தச் சுவரை இன்னும் உடைக்கவில்லை, வழி போடவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு சதுரம் மட்டும் போட்டிருந்தார்கள்.

அவர் அந்தச் சதுரத்தில் முதுகை ஒட்டி நின்றார். கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். பெல்ட் ஓடும் வேகத்தில் மெல்ல நகர்ந்தார்.

எட்டிப் பார்த்த காவலாளி பயந்துபோனார். "அண்ணே! உடம்புக்கு என்ன?"

"தள்ளி நில்லு. பிஸ்கட் வருது."

"யாரு?"

"நான்தான்."

சூடான பிஸ்கட் முதலில் போகவேண்டியது உறை போடும் மெஷினுக்கு. அங்கே காகிதம் சுற்றிக்கொண்டு, பிறகு பெட்டிக்குள் போகவேண்டும். பெட்டிக்கு டேப் ஒட்டவேண்டும். அப்புறம் லாரி. ஆனால் பிஸ்கட்டாகிய அவர் நாலு எட்டு நகர்ந்ததும் எதிரே நின்றது டேப் ஒட்டும் மெஷின். உறை போடும் மெஷின் எங்கோ கடைசியில், லாரி வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. பழைய ஹால் அடுப்புக்கு இடப்பக்கம் இருந்தது. புது ஷெட் வலப்பக்கம். பழைய ஹாலில் இருந்தபடியே எள்ளளவும் மாறாமல் வைத்ததில், வரிசை முழுவதும் தலைகீழாகிவிட்டது.

"துணியில்லாம வந்தவனுக்கு முதல்லயே டேப் ஒட்டிட்டாங்கடா" என்றார் காவலாளியிடம். "அப்புறம் பெட்டிக்குள்ள போடுறாங்க. கடைசில லாரி வாசல்ல, 'வா, சட்டை போடு'ங்கறான்."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆளாளுக்கு அவரவர் வேலையைத் தொண்ணூறு முடித்திருந்தார்கள். பிஸ்கட்டின் வேலையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. முடியாது. ஒயர்களை அவிழ்க்க எலக்ட்ரீஷியன் வேண்டும், புது போல்ட்டுக்கு ஸ்டோர் வேண்டும், தூக்கி வைக்க நீரூற்றில் நிற்கும் ஆட்கள் வேண்டும். வெளியே சொன்னால் மகளின் முதல் திட்டமே பல்லிளிக்கும். சொல்லாவிட்டால் திறப்பு விழாவில் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் பிஸ்கட் பல்லிளிக்கும், அவளும் வீட்டுக்குப் போவாள். இப்போது சொன்னாலாவது திருப்பி வைக்க அவகாசம் இருக்கிறது. மேலே போகவேண்டிய அறிக்கையை அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லத் திட்டப் பிரிவுக்கு ஓடினார். மகள் நாற்காலியில் இல்லை. மேலாளரின் அறையில் அவசரக் கூட்டம், நீரூற்றைப் பற்றி.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மூச்சு வாங்கியது.

"என்ன தொண்ணூறு? கூப்பிடாமலே வந்திருக்கீங்க" என்றார் மேலாளர். "சரி, வந்தது வந்தீங்க, சொல்லிட்டுப் போங்க. ஷெட் எவ்வளவு?"

"இருபது சார்."

மேலாளர் முகம் வெளுத்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து தொண்ணூறுக்குக் கீழே ஓர் எண் வந்ததில்லை.

"இருபதா? நீங்களே இருபதுன்னா... தீ பிடிச்சிருச்சா?"

"இல்ல சார்."

"கூரை விழுந்துடுச்சா? யாருக்காவது அடிபட்டுதா?"

"அதெல்லாம் இல்ல சார்."

யாரும் நம்பவில்லை. ஸ்டோர் கீப்பர் தீயணைக்கும் சிலிண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் மெயினை அணைக்க ஓடினார். எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். அங்கே மெஷின்கள் ஒரு தூசு இல்லாமல் நின்றன. காவலாளி சல்யூட் அடித்தார்.

"எல்லாம் நல்லாத்தானேய்யா இருக்கு?" மேலாளருக்கு இப்போது கோபம் வந்தது.

"சார், தப்பா நினைக்கக்கூடாது. இந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க. நீங்க பிஸ்கட்."

"நான் என்ன?"

"பிஸ்கட் சார். அடுப்புலேர்ந்து வர்றீங்க. மெல்ல நடங்க."

கோட்டு முதுகில் சுண்ணாம்பு ஒட்ட, மேலாளர் நடந்தார். நாலு எட்டில் டேப் மெஷின் முன்னால் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். கடைசியில் நின்ற உறை போடும் மெஷினைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது, மூடவில்லை.

"மோட்டாரைத் திருப்பிப் போட்டாப் போச்சு சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பெல்ட் திரும்பும். மெஷின் எந்திரிச்சு எடம் மாறி உக்காருமா?" என்றார் பேக்கிங் அக்கா.

"யாரு இப்படி வைக்கச் சொன்னது?" மேலாளரின் குரல் ஷெட்டில் எதிரொலித்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எள்ளளவும் மாறக்கூடாது என்று சொன்னவர் யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்பது காதுகள் சிவந்ததில் தெரிந்தது.

மகள்தான் வாயைத் திறந்தாள். இந்தமுறை குரல் நடுங்கவில்லை.

"சார், யாருங்கிறத அப்புறம் பாக்கலாம். திருப்பி வைக்கணும்னா என்னென்ன வேணும்னு கேக்கறேன். ஃபோர்மேன் சார், உங்களுக்கு என்ன வேணும்?"

"ஆளு வேணும் மேடம். இருக்கிறவங்க போதாது."

"ஆளுங்க எங்க இருக்காங்க?"

எல்லாருடைய கண்களும் ஜன்னல் வழியாக வெளியே போயின. வாசலில் அரைகுறைத் தொட்டிக்குள் நின்று பத்துப் பன்னிரண்டு பேர் குழாய் வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீரூற்றா?" என்றார் மேலாளர், பெற்ற பிள்ளையைக் கொடுக்கச் சொன்னதுபோல்.

"இருக்கிற நாளும் அதேதான், ஆளும் அதேதான் சார். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். வர்றவங்க தண்ணி பாக்க வரல, பிஸ்கட் பாக்க வர்றாங்க. சுவரையும் இன்னிக்கே உடைச்சிடலாம். கடைசில உடைச்சா, கடைசிலதான் தெரியும்."

மேலாளர் கையைப் பிசைந்தார். கையால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார், தண்ணீர் விழுவதுபோல். பெருமூச்சு விட்டார். "சரி, தொட்டில மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைங்க" என்றார்.

அப்பாவைத் தாண்டிப் போகும்போது மகள் மெதுவாக, "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

"ஃபோர்மேன்" என்று திருத்தினார் அவர். கண்ணில் தூசு விழுந்ததாகச் சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திறப்பு விழாவில் ஓவியத்தில் இருந்த பிஸ்கட்டுக்கு ஒரு கண்ணும் வாயும் கூடுதலாக இருந்தது. வளைவு கொஞ்சம் சாய்ந்திருந்தது. பூச்செடிகள் வாடியிருந்தன. ஆனால் அடுப்பிலிருந்து வந்த பிஸ்கட் உறை போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் உட்கார்ந்து, டேப் ஒட்டிக்கொண்டு லாரி வாசலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பேக்கிங் அக்கா முதல் டப்பாவைத் தூக்கி, "இப்ப முடிஞ்சுது" என்றார். அந்த மாதக் கடைசியில் மகளை நிரந்தரம் செய்தார்கள்.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. இருபது என்று சொன்னால் மேலாளரே ஓடிவருகிறார், ஆள் கிடைக்கிறது, நீரூற்றுகூட நிற்கிறது என்று ஆலைக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த கூட்டத்தில் ஸ்டோர் கீப்பர் இருபது என்றார். எலக்ட்ரீஷியன் இருபது என்றார். வேலையை முடித்துவிட்டுக் கைகழுவி வந்த கொத்தனாரும் இருபது என்றார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கூட்டத்தில் யாரையும் எண் சொல்ல விடுவதில்லை. கூட்டத்தைத் தூக்கி வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துவிட்டாள். "முடிஞ்சிருந்தா நடந்து காட்டுங்க" என்பாள்.

நிரந்தர உத்தரவு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறு காலையிலேயே துளை போடும் மெஷினை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மனைவி நம்பாமல் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒருவழியாகத் திருகாணிகளை முடுக்கிவிட்டு எழுந்தார்.

"ஏங்க, முடிஞ்சுதா?"

பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீயே உள்ள போய் பூட்டிப் பாரு."

மனைவி உள்ளே போனாள். தாழ்ப்பாள் கம்பீரமாக விழும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குளியலறைக்குள்ளிருந்து பாட்டு வரவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஆடியது. மறுபடி ஆடியது.

"ஏங்க..." உள்ளிருந்து மனைவியின் குரல். "பூட்டுது. திறக்க மாட்டேங்குது."

மகள் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "ஃபோர்மேன் சார், எவ்வளவு?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அதுவரைக்கும் நீ பாடிட்டே இரும்மா!"